தாரணியின் கைத்தண்ணீர்

தாரணியின் உள்ளங்கைகளிலிருந்து முதன்முதலாகத் தண்ணீர் ஓடியபோது அவளுடைய அம்மா வசந்தாமணி செய்த முதல் காரியம், அடுப்படிக்குப் போய் அலுமினியப் போசியை எடுத்து வந்து அந்தக் கைகளுக்குக் கீழே வைத்ததுதான். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பாறைக்குன்றின் அடிவாரத்தில் இருந்த அந்த ஊரிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வடநாடெங்கும் போய், பேர் தெரியாத ஊர்களில் எல்லாம் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, புழுதியோடு திரும்பி வந்து நிற்கும். வந்து நிற்கிற தெருவில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. நகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நாளை ஜனங்கள் நோம்பி நாளைப் போல ஞாபகம் வைத்திருந்தார்கள். அதனால், மகளின் கையிலிருந்து தண்ணீர் ஏன் வருகிறது என்று யோசிப்பதற்கு முன்னால், அது தரையில் ஓடி வீணாகிவிடக் கூடாது என்றுதான் வசந்தாமணிக்குத் தோன்றியது. போசி நிறைந்த பிறகுதான் அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

தாரணியின் மடியில் வேதியியல் புத்தகம் ஊறிப்போய்த் தடித்திருந்தது.

"கையில வேர்த்துச்சும்மா. தொடைச்சேன். மறுபடியும் வேர்த்துச்சு. அப்புறம் நிக்கவே மாட்டேங்குது" என்றாள் தாரணி, கரண்ட் போய்விட்டது என்று சொல்வதைப் போல. "நாளைக்கு மாசப் பரீட்சை."

அவள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருடம் அது. பத்தாம் வகுப்பில் அவள் ஊரிலேயே முதலாவதாக வந்திருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடம் அவள் முகத்தை ஆள் உயரத்துக்கு மேலே பெரிதாக்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளக்ஸ் வைத்தது. வெயிலில் வெளுத்துப்போனால் புதிதாக அடித்து மறுபடியும் வைத்தது. தினமும் காலையில் அவள் அந்த முகத்துக்குக் கீழே நின்றுதான் பேருந்து ஏற வேண்டும். அந்த முகம் சிரித்துக்கொண்டே இருக்கும். ஒரு வருடத்துக்கு மேலாக அதை அண்ணாந்து பார்க்காமல் பேருந்து ஏறப் பழகியிருந்தாள்.

வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். அவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எந்த வகுப்பு என்று கேட்டார். பன்னிரண்டு என்று அவள் சொன்னதும் கையில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓட, நர்ஸைக் கூப்பிட்டு ஒரு வாளி வைக்கச் சொன்னார். "பதட்டந்தான். பரீட்சை முடிஞ்சா தன்னால நின்னுரும். அதுக்கு மருந்து கிடையாதும்மா" என்றவர், அவர்கள் எழுந்து போகும்போது, நாளைக்கும் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார். அவருடைய ஆஸ்பத்திரியிலும் தண்ணீர் இல்லை.

தெரு அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், மழையை ஏற்றுக்கொள்வதைப் போலத்தான் ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பாவாயி, தறிப்பட்டறையில் வசந்தாமணியோடு சேர்ந்து நூல் சுற்றுகிறவள், முதல் நாள் ஒரு குடத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள், தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், உப்பு இல்லை, ஆற்றுத் தண்ணியாட்டம் இருக்குது என்று சொன்னாள், பிறகு பேச்சு வாக்கில், "ஏங்கண்ணு, இந்த வருசமும் நீதான பஸ்ஸ்டாண்டுல சிரிப்பே?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் குடம் நிறைந்து வாசலில் வழிந்தது. மறுநாள் அவள் இரண்டு குடத்தோடு வந்தாள். அதற்கடுத்த நாள் தெருவே வந்தது.

எந்தக் கேள்விக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இட்லிக்கு எவ்வளவு உப்பு என்று கைக்குத் தெரிந்துவிடுவதைப் போல அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சொம்புக்கும் சின்னப் பாத்திரத்துக்கும் பாடமெல்லாம் முடிஞ்சுதா என்று கேட்டால் போதும். குடத்துக்கு, போன பரீட்சையில எவ்வளவு என்று கேட்க வேண்டும். அண்டாவோடு வந்தவர்கள் டாக்டருக்கா இஞ்சினியருக்கா என்று கேட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பெரிய நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தால், எதிர்த்தெரு மளிகைக்கடைக்காரர் மகள் இப்போதெல்லாம் உன்னைத் தாண்டிவிட்டாளாமே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, டிரம் நிறைகிற வரைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தாரணிக்குப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்தார்கள், தலைவாரிப் பூ வைத்துவிட்டார்கள், ஈரத்தில் விரல் வெடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினார்கள், கோயிலுக்குப் போனால் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தார்கள். பிறகு கேள்வியைக் கேட்டார்கள். தாரணி ஒருத்தரையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கைகளைக் குடத்தின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய விடைத்தாள்கள் கரைந்தன. பேனாவால் எழுதினால் மை பரவி, தாள் முழுக்க நீல மேகமாக நின்றது. பென்சிலால் எழுதினால் தாள் கிழிந்தது. கைக்குக் கீழே துணி வைத்து எழுதினால் துணி ஊறி மேசை நனைந்தது. இயற்பியல் சொல்லிக்கொடுத்த மார்கரெட் டீச்சர் அந்தத் தாள்களை ஆய்வகத்தில் கயிறு கட்டி, கிளிப் போட்டுக் காயவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஏதாவது ஒரு வரி தெரிகிறதா என்று தேடிப் பார்ப்பார். தெரிந்த இடத்திலெல்லாம் விடை சரியாகவே இருந்தது. ஆனால் தெரியாத இடத்துக்கு மதிப்பெண் போட முடியாது. வகுப்பில் முதலாவதாக இருந்தவள் ஐந்தாவதானாள், பிறகு பத்தாவதானாள், பிறகு அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடவில்லை. மதிப்பெண் குறையக் குறையப் பயம் கூடியது. பயம் கூடக் கூடத் தண்ணீர் கூடியது. தண்ணீர் கூடியதால் மதிப்பெண் இன்னும் குறைந்தது.

பள்ளியின் தாளாளர் காரியத்தில் கண்ணான மனிதர். தாரணியின் பெஞ்சை ஜன்னலோரமாக நகர்த்தச் சொன்னார். மேசை விளிம்பில் நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயைப் பொருத்தி, அதை ஜன்னல் வழியாக வெளியே இருந்த தொட்டிக்குக் கொண்டுபோனார். அந்த வாரமே பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் தாரணியைப் பார்க்கும்போதெல்லாம் தேங்க்ஸ்க்கா என்று சொன்னார்கள். தாளாளர் வாரத் தேர்வை வாரத்துக்கு இரண்டு தடவையாக ஆக்கினார். படிப்புக்கு நல்லது என்று பெற்றோர்களும் சொன்னார்கள்.

ஒருநாள் மார்கரெட் டீச்சர் தாரணியை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, பேப்பர் பேனா எதுவும் இல்லாமல் எதிரே உட்கார வைத்து, தன்னுடைய டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சாதத்தைப் பாதி கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, மின்புலம் என்றால் என்ன, லென்ஸ் எப்படி வேலை செய்கிறது, அணு ஏன் சிதைகிறது என்று கதை கேட்பதைப் போலக் கேட்டார். தாரணியும் கதை சொல்வதைப் போலச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் திறந்துகொண்டது. ஒரு இடத்தில் டீச்சர் தப்பாகக் கேட்டதைத் திருத்திக்கூடச் சொன்னாள். முடிந்தபோது இரண்டு பேரும் அவளுடைய கைகளைப் பார்த்தார்கள். காய்ந்திருந்தன. சாதத்தின் எண்ணெய் மட்டும் விரல்களில் மினுங்கியது.

டீச்சர் அன்று சாயங்காலம் வசந்தாமணியைத் தேடித் தறிப்பட்டறைக்கே வந்துவிட்டார். தறிச் சத்தத்தில் காதருகே குனிந்து, "எல்லாமே அவளுக்குத் தெரியுதும்மா. ஒரு எழுத்துக்கூட மறக்கல. வாயால கேட்டா போதும்" என்றார். வசந்தாமணி கையிலிருந்த நூல்கண்டை வைத்துவிட்டு, பஞ்சு ஒட்டிய கையோடு அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க டீச்சர் வாயாலேயே தேர்வு வைத்தார். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. தெருவிலும் குடங்கள் பாதிதான் நிறைந்தன. எவ்வளவு மார்க் என்று கேட்டால் தாரணி சிரித்துக்கொண்டே நல்ல மார்க் என்றாள், நாலு சொட்டு விழுந்தது. சனிக்கிழமை தாளாளர் டீச்சரையும் வசந்தாமணியையும் தன் அறைக்கு வரச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை.

"டீச்சர், கவர்மெண்ட் பரீட்சையில வாயால சொல்லவா போறா? எழுதித்தானே ஆகோணும்? இப்ப நாம இப்படிப் பழக்கிவிட்டா நாளைக்கு அங்க போய் என்ன பண்ணுவா? பாவம் பாக்கற மாதிரி பிள்ளையக் கெடுத்துப் போடாதீங்க" என்றார். பிறகு வசந்தாமணியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, நான் சொல்றது தப்புங்களா?" என்றார்.

வசந்தாமணி அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினாள். இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று சொல்ல வரவில்லை. "இல்லைங்க" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து மார்கரெட் டீச்சருக்கு ஆறாம் வகுப்பு கொடுத்தார்கள்.

தீபாவளிக்கு அப்பா வந்தான். குழந்தைவேல் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டு ஊரில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது போனில் விஷயத்தைக் கேட்டு, நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதுக் கிணற்றுக் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்ப்பதைப் போல அவள் கைக்குக் கீழே தன் கையை வைத்துப் பார்த்து, "ஒண்ணேகால் இஞ்சுத் தண்ணி வரும்" என்று பழக்க தோஷத்தில் சொன்னான். அப்புறம்தான் அவனுக்குக் கண் கலங்கியது. வருடம் முழுக்கக் கல்லோடும் புழுதியோடும் கிடந்து தண்ணீர் தேடுகிறவன், தன் வீட்டு வாசலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல், மனதில் இருந்ததைச் சொன்னான்.

"நான் எட்டாவதோட நின்னு போனவன் கண்ணு. வண்டியில என்கூட இருக்கற பசங்க அத்தனை பேருக்கும் பஸ்ஸ்டாண்டுல இருக்கற உன்ற போட்டோவக் காட்டியிருக்கறேன். நீ படிச்சு ஒரு நெலைக்கு வந்துட்டயின்னா போதும் சாமி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

தண்ணீர் பீறிட்டுக் கிளம்பி அவனை முழங்கால் வரைக்கும் நனைத்தது. வாசலில் நின்றிருந்தவர்கள் குடத்தை எடுக்க ஓடினார்கள். குழந்தைவேல் ஓடவில்லை. இத்தனை நாளும் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் இருந்த நாள் பூராவும் அவன் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தான் பேசாவிட்டால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தான். அப்பா தன்னை வெறுத்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். சாப்பிடும்போதுகூட அவள் கை ஓடியது. தட்டில் சோறு மிதந்தது. கிளம்புகிற அன்று அவன் வசந்தாமணியிடம், "பேசினாலும் ஓடுது, பேசாட்டியும் ஓடுது. நான் என்னதான் பண்றது வசந்தா?" என்று கேட்டான். போய்ட்டு வர்றேன் கண்ணு என்று சொன்னால் அதற்கும் ஓடுமோ என்று பயந்து, சொல்லாமலேயே போய் வண்டியில் ஏறினான்.

அரைப் பரீட்சை லீவுக்கு வசந்தாமணி யாரிடமும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் இருந்த தன் தங்கை ருக்மணி வீட்டுக்குப் போய்விட்டாள். படிப்பைப் பற்றி ஒரு பேச்சும் பேசக் கூடாது என்று தங்கையிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். அந்த ஊரில் வாய்க்கால் தளும்பி ஓடியது. ஒருத்தருக்கும் தாரணியின் கை தேவைப்படவில்லை. தாரணி தூங்கினாள். சாப்பிட எழுந்தாள், மறுபடியும் தூங்கினாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தால் திரும்பிப் படுத்துத் தூங்கினாள். அவள் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போய்க்கொண்டே இருப்பதைப் போல இருந்தது. பிறகு ஒருநாள் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, வெளுத்துச் சுருங்கிக் கிடந்த உள்ளங்கைத் தோல் உரிந்து, அடியில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் இருந்தது. கை ரேகை திரும்ப வந்திருந்தது. பழைய செய்தித்தாளின் ஓரத்தில், சும்மா, வேலை எதுவும் இல்லாதவர்கள் கிறுக்குவதைப் போல, அவள் ஏதோ ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். வசந்தாமணி பின்னால் நின்று பார்த்தாள். சின்னதாய், வலது பக்கம் சாய்ந்த எழுத்து. மகளின் கையெழுத்தை அவள் பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்டிருந்தது. இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். அப்படி நினைத்ததே அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தாரணி கேட்டாள்: "பாத்ரூம்ல தண்ணி இருக்காது இல்லம்மா?"

"எங்க?"

"ஸ்கூல்ல. நம்ம தெருவுலயும் இருக்காது."

"அது உன்ற வேலையா கண்ணு? அத நகராட்சி பாத்துக்கும்."

தாரணி தம்ளருக்கு மேலே கைகளை விரித்துப் பார்த்தாள். "அதுகூட இல்லம்மா. பயமில்லாம இருக்கறது பயமா இருக்கு. எல்லாரும் படிச்சிட்டிருப்பாங்க. நான் மட்டும் இங்க தூங்கிட்டிருக்கேன். கை காய்ஞ்சிருந்தா, நான் எதையோ செய்யாம விட்டுட்ட மாதிரியே இருக்கு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு காப்பித் தம்ளருக்குள் விழுந்தது. பிறகு இன்னொன்று. வசந்தாமணி இந்தத் தடவை பாத்திரம் எடுத்துவரப் போகவில்லை. தண்ணீர் தரையில் ஓடி, படியிறங்கி, வாய்க்காலைப் பார்த்துப் போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ருக்மணி வீட்டுக் கோழிகள் அதைக் குடித்தன.

திரும்பி வந்த பேருந்தில் நடத்துநர் ஒரு வாளி கொடுத்தார். பள்ளிக்கூடம் திறக்கும் நாளைக் கணக்குப் போட்டு, நிறுத்தத்தில் தெருவே குடங்களோடு நின்றது. "உன்னத்தான் பாத்துட்டு இருக்கறோம் சாமி" என்று பாவாயி ஓடிவந்து தாரணியின் கன்னத்தைத் தடவினாள். வசந்தாமணிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "ஒரு நாளைக்காவது குடமில்லாம வந்து, சாப்புட்டயா கண்ணுன்னு கேட்டிருக்கறயா பாவாயிக்கா? உன்ற வயித்துல பொறந்திருந்தா இப்படி நீட்டுவயா குடத்த?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள். பாவாயி முகம் செத்துப்போய்க் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்று, "சாப்புட்டயா கண்ணு?" என்று கேட்டாள். மனசாரத்தான் கேட்டாள். தாரணியின் காதில் அது, சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் போய்ப் படி என்றுதான் விழுந்தது. தண்ணீர் பாவாயியின் பாதங்களை நனைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பாவாயி போய்க் குடத்தை எடுத்து வந்தாள். வசந்தாமணி தடுக்கவில்லை.

மார்கரெட் டீச்சர் விடவில்லை. சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கலாம் என்று, வசந்தாமணியையும் தாரணியையும் மாவட்டத் தலைநகருக்கு மருத்துவக் குழுவிடம் கூட்டிப் போனார். அங்கே இருந்த மூன்று டாக்டர்கள் தாரணியின் விரல்களை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். "கை நல்லாத்தான இருக்குது?" என்றார் மூத்தவர். அவருடைய மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. "தண்ணி வர்றதெல்லாம் ஊனத்துல சேராதும்மா. பிடிமானம் இல்லைன்னா சொல்லுங்க, எழுதித் தர்றேன்." எழுந்து போகிறபோது அவர் தாரணியின் தோளைத் தட்டி, தைரியமாக எழுது, உன்னால் முடியும் என்றார். நல்ல மனிதர். அவருடைய அறை வாசல் வரைக்கும் வெள்ளமாக நின்றது.

மார்ச் மாதம் பரீட்சை வந்தது. தாரணியைக் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார வைத்தார்கள். அவள் எல்லாக் கேள்விக்கும் எழுதினாள். கூட எழுதிய பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்: அவள் ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை, தலை தூக்கவில்லை, தண்ணீர் மேசையிலிருந்து அருவி மாதிரி விழுந்து கதவு வழியாக வராந்தாவுக்கும் வராந்தாவிலிருந்து மைதானத்துக்கும் போனது, அவள் பேனா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எழுதிய வரி அடுத்த வரிக்குப் போவதற்குள் கரைந்தது. அவள் அடுத்த வரியை எழுதினாள். மணி அடித்ததும் கண்காணிப்பாளர் அந்தத் தாள்களை இரண்டு கையாலும், பிசைந்த மாவை எடுப்பதைப் போல எடுத்து, ஒரு பாலிதீன் பையில் போட்டு, பதிவெண்ணை வெளியே எழுதிக் கட்டினார். எல்லாப் பரீட்சைக்கும் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு நாளும் வெளியே நின்றிருந்த வசந்தாமணியிடம் தாரணி, "எல்லாம் எழுதிட்டேம்மா" என்று சொன்னாள். அது உண்மைதான்.

மே மாதம் முடிவு வந்தபோது தெருக்காரர்கள் வந்தார்கள். தேர்ச்சி இல்லை என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் கோடைக்காலம், நகராட்சிக் குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த நேரம், ஆளுக்கொரு குடத்தை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இன்றைக்கு வருவதைப் போல என்றைக்கும் வராது என்று அவர்கள் நினைத்தது தப்பில்லை. தாரணி வாசற்படியில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலக் கைகளை நீட்டினாள்.

கை காய்ந்திருந்தது.

போகட்டும் கண்ணு என்றார்கள். மறுபடியும் எழுதிக்கலாம் என்றார்கள். எவ்வளவு வந்தது என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். தாரணி சொன்னாள். மளிகைக்கடைக்காரர் மகளுக்கு மெடிக்கல் கிடைத்துவிடுமாம் என்று இன்னொருத்தி சொன்னாள். நல்லா இருக்கட்டும் என்றாள் தாரணி. ஒரு சொட்டு விழவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு அவர்கள் காலிக் குடங்களோடு கலைந்து போனார்கள். கொஞ்ச நாள் வரைக்கும் போகிறவர்கள் வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு அதுவும் நின்றது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாதிக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள் வசந்தாமணி. அடுத்த கல்வி ஆண்டு தொடங்கினால் கழிப்பறைக்கு என்ன செய்வார்கள் என்று அவளுக்கே ஒருமுறை தோன்றி, தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மார்கரெட் டீச்சர் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் புதுப் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கை காய்ஞ்சிருச்சு பாத்தியா? இனி உன்ன யாரு பிடிக்கறது? மறுதேர்வு இருக்கு. எழுதிக் காட்டு தாரணி, உனக்குத் தெரிஞ்சத ஏதாவது எழுது" என்றார். தாரணி தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தாள் நனையவில்லை. சின்னதாய், வலது பக்கம் சாய்ந்த எழுத்தில் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே பதிவெண்ணை எழுதினாள். பேனாவை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார். மின்புலம் என்றால் என்ன என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். தாரணி அவரை மரியாதையோடு பார்த்தாள், தெரியாத பாஷையில் யாரோ வழி கேட்டதைப் போல. ரொம்ப நேரம் கழித்து டீச்சர் எழுந்து, வசந்தாமணியின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு தாரணி எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. கூப்பிட்டால் வந்தாள். போட்டதைச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், அப்பா போனில் வந்தால் நல்லா இருக்கேன்ப்பா என்றாள். இந்தக் கை காய வேண்டும் என்று எத்தனை கோயிலில் வசந்தாமணி வேண்டியிருப்பாள். இப்போது அது காய்ந்து, சுவரில் அடித்த சுண்ணாம்பைப் போல வெளிறி, பிடித்தால் கனமே இல்லாமல் இருந்தது. அழுதாலாவது பரவாயில்லை. கத்தினாலாவது பரவாயில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு ஆள் இருந்து பயந்துகொண்டிருந்தாள் என்றாவது தெரிந்தது.

ஒரு மத்தியானம், தறிப்பட்டறையில் கரண்ட் இல்லாமல் தெருவே சத்தமில்லாமல் கிடந்தபோது, வசந்தாமணி வீட்டுக்கு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தாரணியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தடவிக் கொடுத்தாள். கேட்கக் கூடாது என்று எத்தனையோ மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"மறுபரீட்சைக்குப் படிக்கறயா கண்ணு?"

"படிக்கறேம்மா."

வசந்தாமணி உள்ளங்கைகளைப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா உன்னத்தான் மலையாட்டம் நம்பிட்டிருக்கறாரு. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

காய்ந்தே இருந்தது. வசந்தாமணி மகளின் கைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு, ஒரு ஈரம் போதும் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.